ஆப் ஏறாத போன்

கடத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் இருக்கிறது அந்த விதைக் கம்பெனியின் ஆபீஸ். அங்கே களப்பணி செய்கிற ஆறு பேரில் ஐந்து பேர் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஜோஸ்பின் ஒருத்திதான் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தவள். தாளில் இருந்தது ஒரே விஷயம். ஒன்றாம் தேதியிலிருந்து ஒருவர் விடாமல் எல்லோரும் கம்பெனி ஆப்பைப் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மணிக்கொரு தரம் நின்ற இடத்திலிருந்தே முகத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஏற்றாதவர்களுக்கு வேலை இல்லை.

"என் போன்ல அது ஏறாது சார்," என்றாள்.

"ஏறலைன்னா வேற போன் வாங்குங்க. இல்லைன்னா கம்பெனியே ஒண்ணு தரும்," என்றான் கதிரவன். ஏரியா மேனேஜராகப் புதிதாக வந்தவன், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ஜோஸ்பினுக்கு முப்பத்து மூன்று, அவனுக்கு முப்பத்தொன்று. ஆனால் உட்காருகிற நாற்காலிக்கு ஏது வயது?

"குடுத்தாலும் வாங்க மாட்டன் சார்."

மற்ற ஐந்து பேரும் தலை குனிந்துகொண்டார்கள். அவர்களில் முருகேஷ் மட்டும் அவள் காலை மேஜைக்கு அடியில் லேசாக மிதித்தான். வாயை மூடு தாயே என்று அதற்கு அர்த்தம். அவள் மூடவில்லை.

அந்தப் போனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். செங்கல்லுக்குத் தம்பி மாதிரி தடியாக இருக்கும். கம்ப்யூட்டரில் ஓடுகிற லினக்ஸேதான் அதற்குள்ளும் ஓடுகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிடிக்கவில்லை என்றால் திருத்தலாம். பெங்களூரில் வேலை பார்க்கிற சித்தி மகன் ஆரோக்கிய பிரவீன் தன்னால் சமாளிக்க முடியாது என்று தூக்கிக் கொடுத்தது. ஜோஸ்பின் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் பருத்திக் காட்டுக்கு வந்தவள். படித்தது மறக்கவில்லை என்று காட்ட அவளுக்கு அந்தப் போன் தோதாகக் கிடைத்தது.

நல்ல போனா என்று கேட்டால், நெஞ்சைத் தொட்டுச் சொல்லவேண்டும், இல்லை. தூங்கிவிட்டால் முதல் ரிங்குக்கு எழுந்திருக்காது. இரண்டாவது தடவை அடித்தால்தான் மணி கேட்கும். அதனால் அவளைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோருமே ஒரு தரம் அடித்து வைத்துவிட்டு மறுபடி அடிக்கப் பழகியிருந்தார்கள். சில நாள் எதிராளி பேசுவது கேட்கும், இவள் பேசுவது அங்கே போகாது. கேமராவில் எடுத்தால் மனிதர்கள் எல்லோரும் பாசி பிடித்தவர்களாகத் தெரிவார்கள். வாட்ஸ்அப் கிடையாது, பேங்க் ஆப் கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையோ தட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் சைபர் கிரைம் போலீஸோ என்று ஒதுங்கி உட்காருவார்கள். பின்மூடியைக் கழற்றினால் வரிசையாகப் பொடிப் பொடி சுவிட்சுகள். மைக்குக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, நெட்டுக்கு ஒன்று. வளையலில் மாட்டியிருக்கிற ஊக்கை எடுத்து ஒரு தள்ளு தள்ளினால் போதும், மைக் செத்துவிடும். மறுபடி இவள் தள்ளினால்தான் உயிர். அந்தச் சுவிட்சுகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறைந்துபோகும்.

இவ்வளவு அவஸ்தை எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆப் முதன்முதலாக வந்தபோது, எல்லோரையும் போல அவளும் ஏற்றிக்கொண்டவள்தான். அப்போதிருந்த சூப்பர்வைசர் ஒரு திங்கட்கிழமை காலை, டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்: "நேத்து பூசை முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வூட்டுக்குப் போனீங்க போல. அந்த முள்ளுக்காட்டுக்குப் பக்கத்துல ரெண்டு மணி நேரம் தனியா என்னா வேலை?" முள்ளுக்காட்டுக்குப் பக்கத்தில் இருப்பது கல்லறைத் தோட்டம். அங்கே அம்மாவைப் புதைத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில்தான் அவள் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதிருந்தாள். அந்த அழுகையை ஒருத்தன் கட்டிலில் படுத்துக்கொண்டு மேப்பில் பார்த்திருக்கிறான் என்று நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கே பழைய போனை விற்றாள். சூப்பர்வைசர் மாற்றலாகிப் போனான். அடுத்து வந்தவர், அவள் மட்டும் குறுஞ்செய்தி போட்டால் போதும் என்று விட்டுவிட்டார். அப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தான் இப்போது கதிரவன் வந்து மறித்திருக்கிறான்.

"நீங்க ஏன் மாட்டேங்கறீங்கன்னு எனக்குத் தெரியும்," என்று கதிரவன் ஒரு தாளை எடுத்து மேஜையில் போட்டான். அவள் இரண்டு வாரமாக அனுப்பிய குறுஞ்செய்திகள், வரிசையாக அச்சடித்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே சிவப்புக் கோடு. "படிக்கட்டுமா? பத்து அஞ்சுக்கு நஞ்சப்பன் கொட்டாய். ஒண்ணரைக்கு மாது கொட்டாய். மறுநாள் மறுபடியும் நஞ்சப்பன் கொட்டாய். பதினாலு நாள்ல பன்னெண்டு நாள் கொட்டாய். காலைக் காட்சி ஒரு கொட்டாய், மதியக் காட்சி இன்னொரு கொட்டாய். சம்பளம் குடுக்கறது படம் பாக்கறதுக்கா?"

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. முதலில் முருகேஷுக்குத்தான் பிடிபட்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அதற்குப் பிறகு அறையில் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு மாதம் இருந்தவனுக்குத் தெரியும். இங்கே கொட்டாய் என்றால் ஊர். காட்டுக்கு நடுவில் ஒருத்தர் முதலில் ஒரு கொட்டாய் போட்டு மாடு கன்றோடு குடியேறுவார். அவர் பேரே அந்த இடத்துக்கு நிலைத்துவிடும். பிறகு மச்சு வீடே கட்டினாலும் அது கொட்டாய்தான். கதிரவன் வந்து பதினாறு நாள்தான் ஆகிறது. அவனுக்குத் தெரிந்த ஒரே கொட்டாய் சினிமாக் கொட்டாய்.

"சார், அது ஊரு பேருங்க," என்றாள் ஜோஸ்பின். அவளும் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டாள்.

அவன் முகம் சிவந்து போயிற்று. தப்பு பண்ணினவனை மன்னித்துவிடலாம், பண்ணின தப்புக்கு நாலு பேர் சிரித்துவிட்டால் அவனைச் சமாதானப்படுத்த முடியாது. "சரி, ஊர்தான். இருக்கட்டும்," என்று தாளை மடித்தான். "மடியில கனமில்லைன்னா வழியில பயம் எதுக்கு? மத்த அஞ்சு பேரும் ஏத்தலையா? உங்களுக்கு மட்டும் என்ன மறைக்க இருக்கு?"

"மடியில கனம் இல்லதான் சார். அதுக்காக வர்றவன் போறவனெல்லாம் மடிய அவுத்துப் பாக்க முடியுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. கதிரவன் எழுந்தான். "புதன்கிழமை நானே உங்ககூட வர்றேன். நாள் முழுக்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு நேர்ல பாக்கணும். அதுக்கப்பறமும் ஒண்ணாந்தேதி ஆப் ஏறியிருக்கணும். இல்லைன்னா ராஜினாமா லெட்டர் என் மேஜைக்கு வந்துடணும். வேற பேச்சே இல்லை."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் மாதச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டே போனாள். வாய் பேசிவிட்டு வந்துவிடும், வயிறுதான் பிறகு பதில் சொல்ல வேண்டும். இந்த வேலை போனால் இன்னொன்று சுலபமாகக் கிடைக்கப் போவதில்லை. அதைவிட, இந்தக் காடுகளை அவளுக்குப் பிடித்திருந்தது. கம்பெனி போனை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு தரம் நினைத்தாள். அடுத்த நிமிஷமே, அலமாரியில் கிடக்கிற போனுக்காகவும் ஒருத்தன் 'ஏன் வூட்டுலேயே இருந்தீங்க' என்று கேட்பானே என்று தோன்றியது. இல்லை, முடியாது என்று பஸ்ஸிலேயே வாய்விட்டுச் சொன்னாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

புதன்கிழமை ஒன்பதரைக்குக் கதிரவன் பைக்கில் வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ. ஜோஸ்பின் ஸ்கூட்டியில் முன்னால் போக, அவன் பின்னால் வந்தான். தார் ரோடு முடிந்த இடத்தில் ஒரு புளியமரம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் மண் வண்டித்தடம். இரண்டு பக்கமும் கரடு என்கிற மொட்டைப் பாறைக் குன்றுகள். அந்தக் கரடுகளைத் தாண்டி எந்த டவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பத்தேகாலுக்கு நஞ்சப்பன் கொட்டாயில் இறங்கினார்கள்.

நஞ்சப்பனுடையது ஒரு ஏக்கர் பருத்தி, விதைக்கென்றே வளர்ப்பது. கம்பெனிக்காரர்கள் பேச்சில் அது பிளாட். ஒரு பக்கம் ஆண் செடி, மறுபக்கம் பெண் செடி. சாயங்காலம் பெண் செடியில் மறுநாள் மலரப்போகிற மொட்டைப் பிரித்து, உள்ளே இருக்கிற மகரந்தத்தை எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் ஆண் பூவைப் பறித்து வந்து அதில் தேய்க்க வேண்டும். எட்டுப் பெண்கள் வரிசையில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் ஜோஸ்பினின் வேலை கலப்புச் செடியைக் கண்டுபிடிப்பது. ஜாதி தப்பின செடி நாலு நின்றாலும் போச்சு, மொத்த விதையும் கலப்பு என்று தள்ளிவிடுவார்கள். நஞ்சப்பனின் ஆறு மாத உழைப்பு குப்பைக்குப் போகும். இலையைத் தடவிப் பார்த்து, பூவின் அடியில் பொட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, செடி செடியாகப் போக வேண்டும். ரோட்டில் நின்று பார்க்கிற வேலை இல்லை.

"வாங்க சார்," என்று நஞ்சப்பனின் மனைவி பெரியம்மாள் வரப்புக்கு வந்தாள். "மேனேசருன்னு சொன்னாங்க, சின்னப் புள்ளையாட்டம் இருக்கறீங்க. போன வருசம் இந்தப் புள்ள லீவுல போனப்ப உங்காளு ஒருத்தரு வந்தாரு. புளியமரத்தாண்ட நின்னுக்கிட்டு, பூவப் பறிச்சுக்கினு வந்து காட்டச் சொன்னாரு. இந்தப் பக்கம் வந்தா போனு ஆப்சென்ட்டு போட்டுருமாம். பூவப் பறிச்சிட்டா அப்பறம் என்னாத்தப் பாக்கறது?"

கதிரவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி பதினொன்று ஆகியிருந்தது. அவன் மேனேஜரானாலும் அவனுக்கும் அதே ஆப், அதே மணிக்கொரு படம். போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்து ஒரு படம் எடுத்தான். அது போகவில்லை. கிணற்று மேட்டில் ஏறினான். அங்கேயும் போகவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டுப் பாறைமேல் ஏறிக் கையை உயர்த்தினான். "சாமி வரங்குடுக்கற மாதிரி நிக்கறாரு பாரு," என்று வரிசையில் ஒருத்தி சொல்ல, எட்டுப் பேரும் பூவால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நெட் இல்லாமல் எடுத்த படம் செல்லாது என்பது கம்பெனி போட்ட விதி. முன்பு யாரோ கடிகாரத்தைத் திருப்பிவைத்து ஏமாற்றியதால் வந்த விதி.

ஜோஸ்பின் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். அவள் போனிலும் டவர் இல்லைதான். ஆனால் அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வரிசை, செடி, நேரம் என்று கறுப்புத் திரையில் தட்டி வைத்துக்கொண்டாள். ஒரு மணிக்குப் பேட்டரி தீர்ந்தது. பின்மூடியைக் கழற்றி, கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டாள். கதிரவன் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போன் அதற்குள் சூடாகி, டவரைத் தேடித் தேடியே பாதி செத்திருந்தது.

பன்னிரண்டு மணிப் படமும் போகவில்லை, ஒரு மணிப் படமும் போகவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு அவன் வேட்டியில்லாத விவசாயியாகக் காட்டில் இறங்கினான். விவசாயம் படித்தவன்தானே, கை சும்மா இருக்குமா? எது கலப்பு, எப்படித் தெரிகிறது என்று கேட்டான். அவள் காட்டினாள். அவனும் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நகர்ந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. மூன்று மணிக்குப் பெரியம்மாள் கொடுத்த கேப்பைக் கூழை இரண்டு சொம்பு குடித்தான். அவனைப் பார்க்க ஜோஸ்பினுக்கு முதல் தடவையாகக் கோபம் வரவில்லை.

திரும்பும்போது புளியமரத்தடிக்கு வந்ததும் அவன் போன் உயிர் பெற்றது. டிங் டிங் என்று விடாமல் அடித்தது. வண்டியை நிறுத்திப் பார்த்தான். திரையில் சிவப்பாக, பதினொன்றிலிருந்து மூன்று வரை 'பணியிடத்தில் இல்லை' என்று ஐந்து வரி. அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். இன்னும் அவனுக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை. போன வாரம் பைக் பஞ்சராகி நின்ற இரண்டு நாளும் ஏற்கெனவே இப்படி விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் விளக்கம் கேட்பார்கள். அதுவும் நாள் முழுக்க என்றால் நிரந்தரமாவது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கோயம்புத்தூர் தலைமை ஆபீஸ், அவனுடைய மேலதிகாரி. "எங்கய்யா போயிட்ட காலையில இருந்து?" என்ற சத்தம் ஜோஸ்பினுக்கே கேட்டது.

"சார், பிளாட்லதான் சார் இருந்தேன். டவர் இல்லை."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. யார் பாத்தா?"

"அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன் சார்," என்று வைத்தான். வைத்தவன் ஜோஸ்பின் பக்கம் திரும்பினான். அந்த முகத்தில் நாற்காலி இல்லை. "ஜோஸ்பின், நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நான் உங்ககூட வயல்லதான் இருந்தேன்னு. அது போதும்."

சொல்கிறேன் என்றுதான் அவளுக்கு முதலில் வாயில் வந்தது. உள்ளதைச் சொல்ல என்ன தடை? ஆனால் அதை முந்திக்கொண்டு வேறொன்று எழும்பியது. இரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்தது.

"சொல்றன் சார். பொய்யா சொல்லப் போறன்? ஆனா ஒண்ணு. என் வாய் வார்த்தை உங்களுக்குச் செல்லும்னா, எனக்கும் செல்லணும்."

"அது வேற, இது வேற."

"என்னா வேற?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதை அவள் அவன் முகத்திலேயே பார்த்தாள். புளியமரத்தில் காக்கை கத்தியது. ஒரு டிராக்டர் அவர்களை விலகச் சொல்லி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"ரூல் நான் போட்டதில்லை ஜோஸ்பின்."

"தெரியும் சார். ஆனா லெட்டர் கேட்டது நீங்கதான். அந்தக் கம்பெனி போனை நான் தூக்க மாட்டன். இன்னைக்கும் மாட்டன், ஒண்ணாந்தேதியும் மாட்டன். வேலைய வுட்டுப் போறன்னாலும் உள்ளதைச் சொல்லிட்டுத்தான் போவன், அதுக்குப் பயப்படாதீங்க. உங்களுக்கு சாட்சியா நிக்கறதுக்கு நான் விலை பேசல. நான் சொன்னா அவங்க நம்பணும்னு நீங்க நினைக்கறீங்க இல்ல, அதை உங்க வாயால சொல்லுங்கன்னுதான் கேக்கறன்."

போன் மறுபடி அடித்தது. கதிரவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஸ்பீக்கரைப் போட்டான்.

"சார், என்கூட இன்னைக்கு ஃபீல்டு ஸ்டாஃப் ஜோஸ்பின் இருந்தாங்க. அவங்க போன்ல நம்ம ஆப் இல்லை. ஏறவும் ஏறாது, அவங்களும் ஏத்த மாட்டாங்க." போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "அவங்க எழுதி வெக்கறதும் சொல்றதும்தான் சார் நமக்கு ரெக்கார்டு. என் ஏரியாவுல இனிமே அப்படித்தான். அவங்க சொல்றதை நான் நம்பறேன், நீங்களும் நம்பணும்."

மேலதிகாரியின் குரல் உயர்ந்தது. "ஆப் இல்லாத ஆளு சாட்சியா? சரி, அந்தம்மாகிட்ட குடு. என்னதான் சொல்றாங்கன்னு கேப்போம்."

ஜோஸ்பின் போனைக் கையில் வாங்கவில்லை. அவன் நீட்டிப் பிடித்திருக்க, தன் போனின் கறுப்புத் திரையைத் திறந்து, குரலை இறக்காமல் படித்தாள்.

"வணக்கம் சார். கதிரவன் சார் பத்தேகால்ல இருந்து மூணு இருபது வரைக்கும் நஞ்சப்பன் பிளாட்டுல இருந்தாரு. ஒரு மணி வரைக்கும் பாறை மேல டவர் தேடுனாரு. ஒண்ணே கால்ல இருந்து வேலை பாத்தாரு. ஏழாவது, எட்டாவது வரிசை. பதினொரு செடி புடுங்குனாரு. அதுல ஒம்போது கலப்பு. மீதி ரெண்டு நல்ல செடி, தப்பா புடுங்கிட்டாரு."

கதிரவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். அவள் கவனிக்கவில்லை என்று நினைத்து அந்த இரண்டையும் வரப்பு ஓரம் மண்ணைத் தள்ளி மூடியிருந்தான்.

"ரெண்டா?" என்றது போன்.

"ரெண்டு சார்," என்றாள் ஜோஸ்பின். "அதையும் எழுதி வெச்சிருக்கன்."